யாப்பும் அமானிதமும்: இலங்கையின் அரசியலமைப்புச் சீர்திருத்தம் பற்றிய ஒரு விமர்சன நோக்கு

ஒரு நாட்டின் அரசியலமைப்பை மதிப்பிடுவதற்கு அறிஞர்கள் பல அளவுகோல்களைக் கூறுவர். அவற்றுள் மிக எளிமையானதும் மிகக் கடுமையானதுமான அளவுகோல் ஒன்றுண்டு. தீய நோக்கமுடைய ஒருவர் ஆட்சிபீடத்தில் அமரும்போது அந்த யாப்பு அவருடைய கையைப் பிடிக்கின்றதா, அல்லது அவருடைய கைக்கு வாளாகின்றதா என்பதே அது. நல்லவர் ஆளும்போது எந்த யாப்பும் நல்ல யாப்பாகவே தோன்றும்.

1978 செப்டெம்பர் 7 ஆம் திகதி நடைமுறைக்கு வந்த இலங்கையின் இரண்டாவது குடியரசு யாப்பு இந்த அளவுகோலில் பலமுறை சோதிக்கப்பட்டு, பலமுறை தோற்றிருக்கின்றது. அதன் குறைகளைப் பெரும்பான்மைச் சமூகத்தின் ஆட்சியாளர் மீது மட்டும் சுமத்திவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது. அந்த யாப்பு மேலும் சீரழிந்த முக்கியமான இரு தருணங்களில் முஸ்லிம் பிரதிநிதிகளின் கைகளும் உயர்ந்திருந்தன. யாப்புச் சீர்திருத்தத்தை முஸ்லிம் சமூகம் இதுவரை ஒரு பேரப்பொருளாகவே கையாண்டு வந்துள்ளது. அதனைத் தன் சன்மார்க்கக் கடமைகளுள் ஒன்றாகக் கருதியதில்லை என்பதே இக்கட்டுரையின் வாதமாகும்.

ஒரு தேய்வின் வரலாறு

1931 இல் ஆசியாவிலேயே முதன்முதலாகச் சர்வசன வாக்குரிமையைப் பெற்ற நாடுகளுள் இலங்கையும் ஒன்று. 1956, 1960, 1965, 1970, 1977 ஆகிய ஆண்டுகளின் பொதுத் தேர்தல்களில் ஆளும் தரப்பு தோல்வியுற்று, ஆட்சி அமைதியாகக் கைமாறியது. புதிதாகச் சுதந்திரமடைந்த நாடுகளில் இது அரிய சாதனை எனலாம். ஆயினும் தேர்தல்கள் ஒழுங்காக நடைபெற்ற அதே காலத்தில் யாப்பு உள்ளிருந்து அரிக்கப்பட்டு வந்தது.

சோல்பரி யாப்பின் 29(2) ஆம் பிரிவு, எந்தவொரு சமூகத்துக்கோ சமயத்துக்கோ மட்டும் தீங்கிழைக்கும் அல்லது சலுகையளிக்கும் சட்டத்தை இயற்றுவதினின்றும் பாராளுமன்றத்தைத் தடுத்தது. இந்தத் தடை மலையகத் தமிழரைக் காப்பாற்றவில்லை. 1948 இன் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களுள் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அதன்வழி வந்த வாக்குரிமை இழப்பை எதிர்த்துத் தொடுக்கப்பட்ட வழக்கு 1953 இல் பிரித்தானியக் கோமறைக் கழகத்தில் தோற்றது. எழுத்திலுள்ள பாதுகாப்பு மட்டும் போதாது என்பதற்கு அது முதற் சான்று. எனினும் அந்த எழுத்தும் வேண்டாமென 1972 இன் குடியரசு யாப்பு அதனை நீக்கியது. அதனோடு நில்லாமல், 1970 இல் ஐந்தாண்டுகளுக்கெனத் தெரிவான சபை 1977 வரை தன் ஆயுளை நீட்டிக்கொண்டது. ஆளுவோர் தம் வசதிக்கேற்ப யாப்பை வளைக்கலாம் என்ற பாடம் அப்போதே கற்பிக்கப்பட்டுவிட்டது.

அப்பாடத்தை ஜே. ஆர். ஜயவர்தன முழுமையாகக் கற்றார். 1977 தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி ஏறத்தாழ 51 வீத வாக்குகளால் 168 ஆசனங்களுள் 140 ஐப் பெற்றது. பாதி மக்களின் ஆணை ஆறில் ஐந்து அதிகாரமாக மாறியது. அந்த அதிகாரத்தைக் கொண்டே நிறைவேற்று அதிகாரமுடைய ஜனாதிபதி முறை நிறுவப்பட்டது. அடுத்து வந்த பத்தாண்டுகளில் 16 திருத்தங்கள் நிறைவேறின. அவற்றுள் நான்காவது திருத்தம், பொதுத் தேர்தலுக்குப் பதிலாகச் சர்வசன வாக்கெடுப்பொன்றை நடத்திப் பாராளுமன்றத்தின் ஆயுளை ஆறாண்டுகளால் நீட்டியது. 1982 டிசம்பர் 22 இல் நிகழ்ந்த அவ்வாக்கெடுப்பின் விளைவாக 1977 ஜூலைக்குப் பின்னர் 1989 பெப்ரவரி வரை நாடு பொதுத் தேர்தலையே காணவில்லை. ஆளுங்கட்சி உறுப்பினர்களிடமிருந்து திகதியிடப்படாத இராஜினாமாக் கடிதங்கள் முன்கூட்டியே பெறப்பட்டிருந்தன. பாராளுமன்றம் ஜனாதிபதியைக் கட்டுப்படுத்த வேண்டிய முறைமையில், ஜனாதிபதி பாராளுமன்றத்தைத் தன் மேசை இழுப்பறையில் பூட்டி வைத்திருந்தார்.

பிரதியை வாசித்தல்

1978 யாப்பை ஓர் இலக்கியப் பிரதியை வாசிக்கும் கவனத்தோடு வாசிப்போர்க்கு ஒரு முரண் தெளிவாகத் தென்படும். மூன்றாம் அத்தியாயத்தில் அடிப்படை உரிமைகள் அழகிய சொற்களில் பட்டியலிடப்படுகின்றன. 10 ஆம் உறுப்புரை சிந்தனை, மனச்சாட்சி, மத சுதந்திரத்தை எந்தத் தடையுமின்றி உறுதிப்படுத்துகின்றது. பின்னர் வரும் உறுப்புரைகள் தந்ததை ஒவ்வொன்றாகத் திரும்பப் பெறுகின்றன. 80(3) ஆம் உறுப்புரையின்படி, ஒரு சட்டம் நிறைவேறிய பின் அது யாப்புக்கு முரணானது என எந்த நீதிமன்றமும் விசாரிக்க இயலாது. சட்டமூலமாக இருக்கும் மிகக் குறுகிய காலத்துள் விழித்திருந்தவருக்கு மட்டுமே வழக்குரிமை உண்டு, உறங்கியவருக்கு இல்லை. 35 ஆம் உறுப்புரை பதவியிலிருக்கும் ஜனாதிபதிக்கு வழக்குகளிலிருந்து விடுபாட்டுரிமை வழங்கியது. 1979 இல் "தற்காலிக ஏற்பாடுகள்" என்னும் பெயரோடு பிறந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் 1982 இல் நிரந்தரமாக்கப்பட்டது. கைதுசெய்யப்பட்டவருக்கு யாப்பு தந்த உரிமைகள் இச்சட்டத்தின் வாசலில் நின்றுவிட்டன. முதலில் தமிழ் இளைஞர்களும், 2019 ஏப்ரல் 21 இன் குண்டுத் தாக்குதல்களுக்குப் பின்னர் முஸ்லிம்களும் இதன் கொடுமையை அனுபவித்தனர்.

அரசியலமைப்புப் பேரவையின் கதை இந்த முரணின் மற்றொரு வடிவமாகும். நீதியரசர், பொலிஸ், தேர்தல், அரச சேவை ஆகிய துறைகளின் உயர் நியமனங்களைத் தனியொருவரின் விருப்பத்திலிருந்து விடுவிக்க 2001 இல் 17 ஆம் திருத்தம் அதனை அமைத்தது. 2010 இல் 18 ஆம் திருத்தம் அதனை ஒழித்து, ஜனாதிபதி இரு தடவைகளுக்கு மேல் போட்டியிடக் கூடாதென்ற எல்லையையும் நீக்கியது. 2015 இல் 19 ஆம் திருத்தம் இரண்டையும் மீட்டது. 2020 இல் 20 ஆம் திருத்தம் பேரவையை மீண்டும் ஒழித்தது. 2022 இல் 21 ஆம் திருத்தம் அதனை மறுபடியும் மீட்டது.

இங்கு ஓர் உண்மை ஆழ்ந்து நோக்கத்தக்கது. 18 ஆம் திருத்தத்தை 161 வாக்குகளால் நிறைவேற்றியதும், ஒரேயொரு எதிர்ப்பு வாக்குடன் 19 ஆம் திருத்தத்தை நிறைவேற்றியதும் 2010 இல் தெரிவான ஒரே பாராளுமன்றமே. 20 ஆம் திருத்தத்துக்கு 156 வாக்குகளையும், அதனைத் தலைகீழாக்கிய 21 ஆம் திருத்தத்துக்கு 179 வாக்குகளையும் அளித்ததும் 2020 இல் தெரிவான ஒரே பாராளுமன்றமே. மூன்றில் இரண்டு பெரும்பான்மை என்பது ஆழ்ந்த தேசிய உடன்பாட்டின் அறிகுறி என்று யாப்பாளர் கருதினர். இலங்கையிலோ அது அதிகாரம் எத்திசையில் சாய்கின்றது என்பதைக் காட்டும் காற்றுமானியாகவே இயங்கி வந்துள்ளது.

நமது வாக்குகள்

2010 செப்டெம்பர் 8 ஆம் திகதி 18 ஆம் திருத்தம் அவசர சட்டமூலமாகக் கொண்டுவரப்பட்டு நிறைவேறியபோது, அதுவரை எதிரணியில் இருந்த ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸ் அதற்கு ஆதரவாக வாக்களித்தது. சில மாதங்களில் அக்கட்சிக்கு அமைச்சுப் பதவிகள் கிடைத்தன. ஆட்சியாளருடன் நெருங்கி நின்றால் சமூகத்தைப் பாதுகாக்கலாம் என்பதே அன்று சொல்லப்பட்ட நியாயம். ஆனால் ஹலால் எதிர்ப்புப் பிரசாரம் எழுந்ததும், பள்ளிவாசல்கள் தாக்கப்பட்டதும், 2014 ஜூனில் அளுத்கமையும் பேருவளையும் எரிந்ததும் அந்த நெருக்கத்தின் காலத்திலேயே ஆகும். பொலிஸின் சுயாதீனத்துக்கு அரணாக இருந்திருக்க வேண்டிய ஆணைக்குழுவின் நியமனத்தை ஒருவர் கையில் ஒப்படைக்க உதவியவர்கள், பொலிஸார் கைகட்டி நின்றனர் என்று பின்னர் முறையிட்டனர். முறைப்பாடு நியாயமானது. எனினும் அதன் வேரில் நமது வாக்கும் இருந்தது.

இரண்டாவது தருணம் இன்னும் வேதனையானது. 2020 ஏப்ரலில் வெளியான வர்த்தமானி கொவிட் தொற்றினால் இறந்தோரை எரிப்பதைக் கட்டாயமாக்கியது. அடக்கம் செய்வதால் ஆபத்தில்லை என உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டல் கூறியிருந்தும், ஜனாஸாக்கள் குடும்பத்தாரின் கண்முன்னே எரிக்கப்பட்டன. அந்நிலை நீடித்துக்கொண்டிருந்தபோதுதான், அதே ஆண்டு ஒக்டோபர் 22 இல், ஜனாதிபதியின் அதிகாரத்தை மீண்டும் உச்சத்துக்கு உயர்த்திய 20 ஆம் திருத்தம் வாக்கெடுப்புக்கு வந்தது. முஸ்லிம் காங்கிரஸின் தலைவர் எதிர்த்து வாக்களித்தார். அவரது கட்சியின் பெரும்பாலான உறுப்பினர்கள் ஆதரித்து வாக்களித்தனர். எதிர்க்கட்சி வரிசையின் வேறு சில முஸ்லிம் உறுப்பினர்களும் அவ்வழியே சென்றனர்.

அந்த வாக்குகள் ஜனாஸாக்களை விடுவிக்கவில்லை. டிசம்பர் 1 ஆம் திகதி உயர் நீதிமன்றம் கட்டாய எரிப்புக்கு எதிரான அடிப்படை உரிமை மனுக்களை விசாரணைக்கு எடுக்காமலே தள்ளுபடி செய்தது. பிறந்து இருபது நாளேயான சிசுவின் உடலும் அம்மாதத்திலேயே எரிக்கப்பட்டது. 2021 பெப்ரவரி 25 இல் அடக்கம் அனுமதிக்கப்பட்டது. அதற்குள் உள்நாட்டு எதிர்ப்பும் முஸ்லிம் நாடுகளின் அழுத்தமும் ஜெனீவாவின் மனித உரிமைப் பேரவைக் கூட்டத்தொடரும் சேர்ந்து ஆட்சியாளரை நெருக்கியிருந்தன. 2024 ஜூலையில் அமைச்சரவை முறைப்படி மன்னிப்புக் கோரியது. ஒக்டோபரில் அதிகாரத்தை வழங்கியவர்களுக்குப் பிரதியுபகாரமாக ஒரு கபுறு நிலம்கூட உடனடியாகக் கிடைக்கவில்லை என்பதே வரலாற்றின் தீர்ப்பு.

20 ஆம் திருத்தத்தின் விளைவு முஸ்லிம்களோடு நின்றுவிடவும் இல்லை. 2021 இல் இரசாயன உர இறக்குமதி ஒரே இரவில் தடைசெய்யப்பட்டது. தட்டிக் கேட்க எவருமில்லாத ஆட்சிமுறை பொருளாதாரத்தைச் சரித்தது. 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாதென அறிவித்தது. ஜூலையில் ஜனாதிபதி நாட்டைவிட்டு வெளியேறினார். பொருளாதாரச் சரிவுக்குக் காரணமானோர் யாரென உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2023 நவம்பரில். அவர்கள் பதவி துறந்த பின்னரே. காலம் கடந்த அந்நீதி, காலத்தோடு கட்டுப்படுத்தும் யாப்பு இல்லாமையின் விலையாகும்.

விதியைக் கேட்ட ஒரு பேரம்

பேரம் பேசுவதே இழிவு என்று கூறுவது எமது நோக்கமன்று. சிறுபான்மைச் சமூகமொன்றுக்குப் பேரம் தவிர்க்க முடியாத அரசியற் கருவி. எதற்காகப் பேரம் பேசப்படுகின்றது என்பதே வினா. இதற்கு நம் வரலாற்றிலேயே ஒரு சிறந்த முன்மாதிரி உண்டு.

1978 யாப்பு விகிதாசாரப் பிரதிநிதித்துவத்தை அறிமுகப்படுத்தியபோது, ஒரு மாவட்டத்தில் எட்டில் ஒரு பங்கு, அதாவது 12.5 வீத வாக்குகளைப் பெறாத கட்சிக்கு ஆசனமில்லை என விதித்தது. சிறிய கட்சிகளின் கழுத்தை நெரித்த அந்த வெட்டுப்புள்ளியை 1988 டிசம்பரில் 15 ஆம் திருத்தம் 5 வீதமாகக் குறைத்தது. ஜனாதிபதித் தேர்தல் வேளையில் எம். எச். எம். அஷ்ரஃப், ரணசிங்க பிரேமதாசவிடம் முன்வைத்த கோரிக்கையின் பேறாகவே இது அறியப்படுகின்றது. அஷ்ரஃப் அன்று கேட்டது ஒரு விதியை. அது முஸ்லிம்களுக்கு மட்டும் உரிய விதியாக இருக்கவில்லை. எல்லாச் சிறு கட்சிகளுக்கும் வாசலைத் திறந்தது. 2020 தேர்தலில் தேசிய மக்கள் சக்தி 4 வீதத்துக்கும் குறைந்த வாக்குகளோடு மூன்றே ஆசனங்களைப் பெற்றது. பழைய வெட்டுப்புள்ளி நீடித்திருப்பின் மாவட்ட ஆசனம் எதனையும் அது வென்றிருக்குமா என்பது ஐயமே. நான்காண்டுகளில் அதே கட்சி 225 ஆசனங்களுள் 159 ஐ வென்றது. ஒரு சிறுபான்மைக் கட்சி கேட்டுப் பெற்ற விதி, மூன்று தசாப்தங்களுக்குப் பின்னர் பெரும்பான்மை மக்களின் மாற்றத்துக்கும் வழியாயிற்று.

பதவி பெற்றவரோடு போய்விடும். விதி பிறருக்கும் எஞ்சும். 1988 இன் பேரத்துக்கும் 2010, 2020 ஆகிய ஆண்டுகளின் பேரங்களுக்கும் இடையிலான வேறுபாடு இதுவே.

நல்ல மனிதரைத் தேடும் மரபு

இப்பலவீனம் அரசியல்வாதிகளின் சுயநலத்தால் மட்டும் வந்ததன்று. நம் சிந்தனை மரபிலேயே அதற்கு ஒரு வேர் இருக்கின்றது.

அமானிதங்களை உரியவர்களிடம் ஒப்படைக்குமாறு அல்குர்ஆன் (4:58) ஏவுகின்றது. விசுவாசிகளின் காரியம் தமக்கிடையிலான ஆலோசனையின் அடிப்படையில் அமையும் என அது (42:38) வர்ணிக்கின்றது. நபி (ஸல்) அவர்கள் மதீனாவில் யூதக் கோத்திரங்களையும் உள்ளடக்கி எழுத்து வடிவிலான உடன்படிக்கையொன்றை ஏற்படுத்தினார்கள். அபூபக்ர் (ரழி) அவர்கள் தமது முதலுரையிலேயே, தாம் தவறினால் தம்மைத் திருத்துமாறு மக்களை வேண்டினார்கள். ஆட்சியாளரின் செயல் மக்களின் நலனோடு பிணைக்கப்பட்டது என்பது ஃபிக்ஹின் பொது விதிகளுள் ஒன்று. உஸ்மானிய மஜல்லாவின் 58 ஆம் உறுப்புரையாகவும் அது இடம்பெற்றது. இமாம் மாவர்தீ தலைமைத்துவத்தை ஓர் ஒப்பந்தமாகவே விளக்கினார்.

இவ்வளவு செழுமையான அடிப்படைகள் இருந்தும், தவறும் ஆட்சியாளரைத் திருத்துவதற்கான நிறுவனத்தை நம் முன்னோர் போதிய அளவு வளர்க்கவில்லை. ஷூரா ஒழுக்க விழுமியமாக நிலைத்தது. கட்டுப்படுத்தும் அதிகாரமுடைய சபையாக உருப்பெறவில்லை. அரசர்களுக்கு நல்லுபதேசம் கூறும் நூல்கள் ஏராளமாக எழுதப்பட்டன. உபதேசத்தை அரசர் செவிமடுக்காதபோது என்ன செய்வது என்ற வினாவுக்கு, பொறுமை அல்லது கிளர்ச்சி என்ற இரண்டையன்றி மூன்றாவது விடை அரிதாகவே கிடைத்தது. அந்த மூன்றாவது விடையைத் தேடியோரே நவீன காலத்தின் யாப்புச் சிந்தனையாளர்கள். 1867 இல் நூல் எழுதிய தூனிஸின் கைருத்தீன் பாஷா, கொடுங்கோன்மையின் இயல்புகளை ஆராய்ந்த அப்துர் ரஹ்மான் அல்கவாகிபீ ஆகியோர் இவ்வரிசையில் வருவர். 1909 இல் நஜஃபிலிருந்து எழுதிய முஹம்மத் ஹுஸைன் நாஈனீ, நாட்டைத் தன் சொத்தாகக் கருதும் ஆட்சியையும் அதனை அமானிதமாகக் கருதும் ஆட்சியையும் பிரித்துக் காட்டினார். பின்னதை உறுதிப்படுத்த எழுதப்பட்ட யாப்பும் கண்காணிக்கும் சபையும் அவசியம் என்பது அவருடைய வாதம்.

நம் சமூகம் இன்றும் பழைய மரபின் நிழலிலேயே நிற்கின்றது. நமக்கு அனுகூலமான ஒரு ஜனாதிபதி, நமது சொல்லைக் கேட்கும் ஓர் அமைச்சர் என நல்ல மனிதரையே தேடுகின்றோம். நிறைவேற்று ஜனாதிபதி முறை நீடிப்பதே சிறுபான்மையினருக்கு நல்லது, ஏனெனில் வெல்வதற்கு நமது வாக்குகள் தேவைப்படும் என்ற வாதமும் இத்தேடலின் குழந்தையே. 2019 நவம்பரில் அவ்வாதம் முறிந்தது. சிறுபான்மையினர் பெருமளவில் எதிர்த்து வாக்களித்த வேட்பாளர் 52.25 வீத வாக்குகளோடு வென்றார்.

நமது வீட்டுக்கும் இதே அளவுகோல்

இவ்விடத்தில் ஒரு கசப்பான வினாவையும் தவிர்க்க முடியாது. யாப்பின் 16(1) ஆம் உறுப்புரை, 1978 இற்கு முந்திய சட்டங்கள் அடிப்படை உரிமைகளுக்கு முரண்பட்டாலும் செல்லுபடியாகும் என்கின்றது. 1951 இன் முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டமும் இதன் நிழலிலேயே நிற்கின்றது. காதி நீதிமன்றங்களில் அலைந்த பெண்கள் பல்லாண்டுகளாகச் சீர்திருத்தம் கோரி வந்துள்ளனர். 2009 இல் நீதியரசர் சலீம் மர்சூஃபின் தலைமையில் அமைந்த குழு 2018 இலேயே தன் அறிக்கையைக் கையளித்தது. ஒன்பதாண்டுகள் கழிந்தும் அதன் உறுப்பினர் ஒருமித்த முடிவுக்கு வர முடியவில்லை.

தனியார் சட்டம் நமது மத உரிமை என்பது உண்மை. வெளியிலிருந்து திணிக்கப்படும் மாற்றத்தை எதிர்க்கும் உரிமை நமக்குண்டு. ஆயின் ஆட்சியாளரை வரம்புக்குள் நிறுத்தும் யாப்பைக் கோரும் நாம், வலியவருக்கும் மெலியவருக்கும் இடையிலான நமது வீட்டு வழக்கில் அடிப்படை உரிமைகள் நுழையலாகாது என்று மட்டும் கூறிக்கொண்டிருந்தால், அக்கோரிக்கையின் கூர்மை மழுங்கிவிடும். ஷரீஆவின் நோக்கங்களை முன்னிறுத்தி நாமே அச்சட்டத்தைச் செம்மைப்படுத்துவது அமானிதத்தின் ஒரு பகுதியாகும்.

எத்தகைய சீர்திருத்தம்?

யாப்பை மாற்றுவதெல்லாம் சீர்திருத்தமாகாது என்பதை மேற்கூறிய வரலாறு காட்டுகின்றது. நிறைவேற்று ஜனாதிபதி முறையை ஒழிப்பதாக 1994 முதல் வாக்குறுதியளித்தோர் பலர். பதவியேற்ற பின் அதன் இனிமையை உணர்ந்தோரும் அவர்களே. 2000 ஆகஸ்டில் முன்வைக்கப்பட்ட புதிய யாப்பின் நகல் எதிர்க்கட்சியினரால் பாராளுமன்றத்துக்குள்ளேயே எரிக்கப்பட்டது. 2024 இல் ஆட்சிக்கு வந்தோரும் புதிய யாப்பை வாக்களித்தே வந்தனர்; மூன்றில் இரண்டுக்கு வேண்டிய 150 ஐவிட அதிக ஆசனங்களை மக்கள் அவர்களுக்கு வழங்கினர். எண்ணிக்கை போதாது என்ற பழைய சாக்கு அவர்களுக்கு இல்லை. அதேவேளை, தனியொரு கட்சியின் எண்ணிக்கையால் மட்டும் எழுதப்படும் யாப்பு 1972 இனதும் 1978 இனதும் தவறை மீட்டும் அபாயமும் உண்டு.

ஆகவே நாம் கோர வேண்டியவை தெளிவாக இருத்தல் வேண்டும். நிறைவேறிய சட்டத்தையும் யாப்புக்கிணங்கப் பரிசீலிக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு வேண்டும். தனியொருவரிடம் குவிந்த நிறைவேற்று அதிகாரம் பாராளுமன்றத்துக்குப் பொறுப்புக் கூறும் அமைச்சரவையிடம் சேர வேண்டும். அரசியலமைப்புப் பேரவையில் அரசியல்வாதிகளல்லாதோரின் பங்கு கூட வேண்டும். பத்துப் பேருள் எழுவர் பாராளுமன்ற உறுப்பினராக இருக்கும் 21 ஆம் திருத்தத்தின் ஏற்பாடு அரைகுறையானதே. மாகாண சபைகளின் தேர்தலை மத்திய அரசு விரும்பியபடி ஒத்திவைக்க இயலாத உத்தரவாதம் வேண்டும். 2019 முடிவதற்குள் ஒன்பது சபைகளும் உறுப்பினரற்று ஆளுநர்களின் கையில் விடப்பட்டதை, கிழக்கில் தமிழரோடும் சிங்களவரோடும் அதிகாரத்தைப் பகிர வேண்டிய முஸ்லிம்கள் மறக்கலாகாது.

இவை யாவும் வெறும் ஏட்டுக் கோரிக்கைகள் அல்ல என்பதற்கு இரு நாடுகளின் அனுபவத்தை ஒப்பிடலாம். 2018 ஒக்டோபரில் இலங்கை ஜனாதிபதி பிரதமரை நீக்கினார். நவம்பரில் பாராளுமன்றத்தைக் கலைத்தார். 19 ஆம் திருத்தம் விதித்த நாலரை ஆண்டு எல்லையை ஆதாரமாகக் கொண்டு டிசம்பர் 13 ஆம் திகதி ஏழு நீதியரசர்கள் ஏகமனதாக அக்கலைப்பு செல்லாதெனத் தீர்ப்பளித்தனர். துப்பாக்கி வெடிக்காமல் நெருக்கடி தீர்ந்தது. தூனிஸியாவோ 2014 இல் அறபுலகின் மிகச் சிறந்த யாப்புகளுள் ஒன்றைப் பெற்றிருந்தும், அது விதித்த அரசியலமைப்பு நீதிமன்றத்தைக் கட்சிகளின் இழுபறியால் அமைக்காமலே விட்டது. 2021 ஜூலை 25 இல் ஜனாதிபதி கைஸ் ஸயீத் பாராளுமன்றத்தை இடைநிறுத்தியபோது அது யாப்புக்கு முரணானது எனத் தீர்ப்பளிக்க எவரும் இருக்கவில்லை. ஓராண்டில் அந்த யாப்பே மாற்றப்பட்டது. கைருத்தீன் பாஷாவின் காலத்தில் 1861 இல் பிறந்து 1864 இல் இடைநிறுத்தப்பட்ட முதல் யாப்பின் கதி, அதே மண்ணில் மீண்டும் நிகழ்ந்தது.

2018 இல் இலங்கையைக் காத்த அந்த எல்லையை இரண்டே ஆண்டுகளில் 20 ஆம் திருத்தம் இரண்டரை ஆண்டுகளாகக் குறைத்தது. அதற்கு ஆதரவாக உயர்ந்த கைகளுள் நமது பிரதிநிதிகளின் கைகளும் இருந்தன. இனியொரு திருத்தம் சபைக்கு வரும்போது, "இதனால் நமக்கு என்ன கிடைக்கும்?" என்று கேட்கும் முன்னர், "நம்மை வெறுக்கும் ஒருவர் நாளை இவ்வதிகாரத்தைப் பெற்றால் என்ன நிகழும்?" என்று நமது பிரதிநிதிகள் கேட்டல் வேண்டும். அவர்கள் கேட்கத் தவறினால், வாக்களித்தவர்களாகிய நாம் அவர்களிடம் கேட்டல் வேண்டும். வாக்கும் ஓர் அமானிதமே. அதுபற்றி அவர்கள் மட்டுமன்றி நாமும் விசாரிக்கப்படுவோம்.